புரோஸ்டேட் வீக்கத்துக்கு லேசர் ஆபரேஷன்: அப்பாவுக்கு எது சரி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 68. ராத்திரியில் நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார். ஸ்கேனில் புரோஸ்டேட் 72 கிராம் என்று வந்திருக்கிறது. சிறுநீர் கழித்த பிறகும் பையில் 140 மில்லி தங்குகிறது. ஒரு வருடமாக டாம்சுலோசினும் டூட்டாஸ்டிரைடும் சேர்ந்த புரோஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறார். சர்க்கரை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தச் சோதனை) அளவு 3.1. முதலில் பார்த்த டாக்டர் டி.யு.ஆர்.பி. (மின்சாரக் கம்பி வளையத்தால் உள்ளிருந்து சீவி எடுக்கும் ஆபரேஷன்) செய்துவிடலாம் என்றார். இரண்டாவது டாக்டர் லேசர்தான் நல்லது என்றார், ஆனால் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பக்கத்து வீட்டுக்காரர், லேசர் என்றால் ரத்தமே வராது, வலிக்காது, திரும்ப வளரவும் வளராது என்கிறார். லேசர் அவ்வளவு உசத்தியா, கடன் வாங்கியாவது அதைத்தான் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் கேட்காமல் விட்ட கேள்விகள் இரண்டு இருப்பதாக எனக்குப் படுகிறது. டி.யு.ஆர்.பி. என்று சொன்ன டாக்டர் காலத்துக்குப் பின்தங்கியவரா? பணத்தைப் பார்த்து அப்பாவுக்கு மட்டமான வைத்தியம் செய்துவிடுவோமோ? இரண்டுக்கும் இப்போதே இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். நான் யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) படித்து, பல வருடங்களாக இந்த ஆபரேஷன்களைச் செய்துகொண்டிருப்பவன், டி.யு.ஆர்.பி.யும் செய்கிறேன், லேசரும் செய்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவை நான் பரிசோதித்ததில்லை. அதனால் இங்கே சொல்வது அவருடைய டாக்டரிடம் போய்ப் பேசுவதற்கு உதவும், அந்தச் சந்திப்புக்குப் பதிலாக ஆகாது.

72 கிராம் என்ற எண்ணைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் பயந்திருப்பீர்கள். இளவயதில் இந்தச் சுரப்பி 20 கிராம் அளவில் இருக்கும். வயதாக ஆக, சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் உள்பகுதி மெல்ல வளர்கிறது. 80 வயதைத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலோருக்கு இந்த வளர்ச்சி இருக்கும். ஆனால் எவ்வளவு பெரிது என்பதும் எவ்வளவு தொந்தரவு என்பதும் வேறு வேறு. 100 கிராம் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. 35 கிராமிலேயே சுத்தமாக நீர் அடைத்துப்போய் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களும் உண்டு. குழாயை எந்த இடத்தில் அழுத்துகிறது, சுரப்பியின் நடுப்பகுதியான நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதெல்லாம் எடையைவிட முக்கியம். எடை எதற்கு உதவும் என்றால், ஆபரேஷன் என்று முடிவான பிறகு எந்த முறை என்று தேர்ந்தெடுப்பதற்கு.

அப்படியானால் ஆபரேஷன் தேவையா என்பதுதான் முதல் கேள்வி. சில நிலைமைகளில் யோசிக்கவே வேண்டாம்: நீர் முழுதாக அடைத்து, சிறுநீர் போக வைத்த டியூபை எடுத்தால் மறுபடியும் அடைத்துக்கொள்வது, அடைப்பினால் இரண்டு சிறுநீரகமும் வீங்கி ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் அளவு) ஏறுவது, பையில் கல் சேர்வது, திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று, புரோஸ்டேட்டிலிருந்து நிற்காமல் ரத்தம் போவது. நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது, மாத்திரை சாப்பிட்டும் அவருக்குத் தொந்தரவு தாங்கவில்லை என்பது. அதுவும் நியாயமான காரணம்தான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். இதற்கு ஏழு கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 35 மதிப்பெண். ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20க்கு மேல் கடுமை. கடைசியில் எட்டாவதாக ஒரு கேள்வி வரும்: இப்போது இருக்கிற மாதிரியே மிச்ச வாழ்நாளும் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று. நான் அந்தப் பதிலைத்தான் முதலில் பார்ப்பேன். தாளை நீங்கள் நிரப்பாதீர்கள், அப்பாவிடம் கொடுங்கள்.

ராத்திரி நான்கு தடவை என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆபரேஷன் முடிந்து ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ராத்திரி எழுவதற்கு எல்லா நேரமும் புரோஸ்டேட் காரணம் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நீர் அதிகம் போகும். சர்க்கரைக்கு இப்போது பரவலாகக் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றித்தான் வேலை செய்கின்றன. அவை இதயத்துக்கும் நல்லவை என்பதால் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் சாப்பிடுகிறாரா என்று சீட்டைப் பாருங்கள். சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் போதும். கால் வீக்கம் இருந்தால் படுத்த பிறகு அந்த நீர் இறங்கி ராத்திரி சிறுநீராக வரும். குறட்டையோடு மூச்சுத்திணறல் இருந்தாலும் ராத்திரி நீர் கூடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளையும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாள், பாத்ரூம் போகும் ஒவ்வொரு முறையும் மணி, எத்தனை மில்லி, அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரை ராத்திரிக் கணக்கில் சேர்க்க வேண்டும். 24 மணி நேர அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போகிறது என்றால், உடம்பே ராத்திரியில் அதிகம் நீர் தயாரிக்கிறது என்று பொருள். புரோஸ்டேட்டை முழுவதும் எடுத்தாலும் அது குறையாது. மாறாக ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லி மட்டும் வந்து, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனால் அடைப்பின் பக்கம் சந்தேகம் வலுக்கும். யூரோஃப்ளோ என்று ஒரு சோதனையும் உண்டு, புனல் வைத்த கருவியில் சிறுநீர் கழிப்பது. வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது, 10க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 150 மில்லியாவது போனால்தான் அந்த எண்ணை நம்பலாம். வெளியே ஆள் காத்திருக்கிறார்கள் என்ற பதற்றத்தில் பாதிப்பேர் சரியாகப் போவதில்லை. அப்படி இருந்தால் இன்னொரு நாள் செய்யச் சொல்லுங்கள்.

சர்க்கரையால் இன்னொரு சிக்கல் வரும். பல வருடச் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் மந்தமாகி, பையே சுருங்கத் தெம்பில்லாமல் போகலாம். அப்போதும் நீர் தங்கும், அப்போதும் வேகம் குறையும், வெளியிலிருந்து பார்த்தால் அடைப்பு மாதிரியே தெரியும். வழியை அகலப்படுத்தினாலும் தள்ள வேண்டிய பை தள்ளாவிட்டால் பலன் பாதிதான். 140 மில்லி தங்குவது இந்த இரண்டில் எதனால் என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் யூரோடைனமிக்ஸ் சோதனை செய்து பையின் அழுத்தத்தை அளப்பார்கள். கொஞ்சம் சங்கடமான சோதனைதான், எல்லோருக்கும் தேவைப்படாது. உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை பத்து வருடத்துக்கு மேல் என்றால் நான் அதைப் பற்றி நிச்சயம் யோசிப்பேன்.

அடுத்தது பி.எஸ்.ஏ. நீங்கள் கவலைப்படாமல் எழுதிய இந்த எண்தான் என் கண்ணில் முதலில் பட்டது. 3.1 என்றால் லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சாகியிருக்கும். ஆனால் டூட்டாஸ்டிரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆகவே அவருடைய எண்ணை இரட்டித்து, 6.2 போல எடுத்துக்கொள்ள வேண்டும். உடனே பயந்துவிடாதீர்கள். சுரப்பி பெரிதாக இருந்தால் வெறும் வீக்கத்துக்கே அவ்வளவு வரலாம். 72 கிராமுக்கு அது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மாத்திரை ஆரம்பிக்கும் முன்பு எடுத்த பழைய பி.எஸ்.ஏ. ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள். மாத்திரை சாப்பிட்டு அந்த எண் இறங்கியிருக்கிறதா, இல்லை இறங்காமல் நிற்கிறதா என்பது பெரிய தகவல். டாக்டர் ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பரிசோதித்தாரா என்று கேளுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம். இது டி.யு.ஆர்.பி.யா லேசரா என்ற கேள்விக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை.

சரி, லேசருக்கு வருவோம். லேசர் என்று ஒரே ஒரு ஆபரேஷன் கிடையாது. குறைந்தது இரண்டு வேறுபட்ட ஆபரேஷன்களை அந்தப் பெயரில் சொல்கிறார்கள், பலனிலும் பக்கவிளைவிலும் அவை ஒன்றல்ல. ஒன்று, திசுவை ஆவியாக்குவது. கிரீன்லைட் எனப்படும் பச்சை ஒளி லேசர் இதற்குத்தான் பெயர் போனது. அதன் அலைநீளம் 532 நானோமீட்டர். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் திசு ஆவியாகும்போதே ரத்தக்குழாயும் அடைபடும். 80 வாட்டில் ஆரம்பித்து, 120, பிறகு 180 வாட் என்று சக்தி கூடிக்கொண்டே வந்தது. இன்னொன்று, வளர்ந்த பகுதியை முழுசாகப் பிரித்து எடுப்பது. ஹோல்மியம் லேசரால் செய்தால் அதை ஹோலெப் என்கிறோம். தூலியம் லேசரால் செய்தால் துலெப். நியூசிலாந்தின் டவுரங்கா நகரத்தில் டாக்டர் பீட்டர் கில்லிங்கும் அவருடைய குழுவும் 1990களில் ஹோலெப்பை உருவாக்கினார்கள். அதற்கு முன்னால், 90களின் ஆரம்பத்தில், என்.டி.யாக் என்ற லேசரால் திசுவை வேக வைத்து விட்டுவிடும் முறை ஒன்று இருந்தது. வெந்த திசு வாரக்கணக்கில் உரிந்து உரிந்து வரும், அத்தனை நாளும் டியூப், எரிச்சல். அந்த முறை வழக்கொழிந்துவிட்டது, நல்லதாயிற்று.

ஹோலெப் எப்படி நடக்கிறது என்று சொன்னால் மற்றது புரியும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, சிறுநீர்த் துவாரம் வழியாகச் சுண்டுவிரலைவிட மெல்லிய டெலஸ்கோப் உள்ளே போகும். வெளியே கத்தி படுவதே இல்லை. உப்பு நீர் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். டெலஸ்கோப்பின் நுனியில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கண்ணாடி இழை, அதன் வழியாகத்தான் லேசர் வருகிறது. வளர்ந்த திசுவுக்கும் சுரப்பியின் வெளிக்கூட்டுக்கும் நடுவே இயற்கையிலேயே ஒரு பிரிவு உண்டு. கமலா ஆரஞ்சில் தோலும் சுளையும் இலகுவாகப் பிரிகிற மாதிரி. அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டால் வெளிக்கூட்டின் நார்கள் திரையில் வெள்ளையாகக் குறுக்கே ஓடுவது தெரியும், மேலே மஞ்சளாக, உருண்டை உருண்டையாக வளர்ந்த பகுதி. டெலஸ்கோப்பின் மூக்காலேயே மடலைத் தூக்கி, ஒட்டியிருக்கும் நார்களை லேசரால் விடுவித்துக்கொண்டே போக வேண்டும். வழியில் சின்னச் சின்ன ரத்தக்குழாய் பீச்சும், இழையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சுட்டால் நிற்கும். கடைசியில் மடல்கள் முழுசாகக் கழன்று சிறுநீர்ப்பைக்குள் மிதக்கும். மார்செலேட்டர் என்ற இன்னொரு கருவி அவற்றை உறிஞ்சி, நறுக்கி, வெளியே கொண்டுவரும். அந்த நேரத்தில் பை நன்றாக நிரம்பியிருக்க வேண்டும், பார்வை தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பையின் சுவரையே கருவி கவ்விவிடும். எல்லாம் சேர்த்து ஒன்று, ஒன்றரை மணி நேரம். எடுத்த திசு முழுவதும் பயாப்சிக்குப் போகும். ஆவியாக்கும் முறையில் பரிசோதிக்கத் திசு மிஞ்சாது. உங்கள் அப்பாவின் பி.எஸ்.ஏ.யை நினைத்தால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

டி.யு.ஆர்.பி.யிலும் அதே வழியாகத்தான் போகிறோம், மின்சாரம் ஓடும் ஒரு கம்பி வளையத்தால் உள்ளிருந்து சீவிச் சீவி எடுக்கிறோம். முன்பு கிளைசின் கலந்த நீரை ஓடவிட்டுச் செய்யும்போது அது ரத்தத்தில் ஏறி சோடியத்தைக் குறைத்து, நோயாளி குழம்பிப்போகும் ஆபத்து இருந்தது. இப்போது பைபோலார் முறையில் உப்பு நீரிலேயே செய்யலாம் என்பதால் அந்தப் பயம் ஏறக்குறையப் போய்விட்டது. முதல் டாக்டர் சொன்னது பைபோலாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டதில் உறுதியாகத் தெரிந்தது என்ன? ஒரு வருடம் கழித்து நோயாளியைக் கேட்டால், தொந்தரவு குறைந்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் 410 பேரை வைத்துச் செய்து 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, தூலியம் லேசரால் சீவி ஆவியாக்கும் முறையை டி.யு.ஆர்.பி.யோடு ஒப்பிட்டது. அறிகுறிகள் குறைந்தது சமம். ஆஸ்பத்திரியில் இருந்த நாளும் சிக்கல்களும் கிட்டத்தட்ட சமம். சிறுநீர் வேகத்தில் டி.யு.ஆர்.பி. கொஞ்சம் முன்னால் நின்றது. லேசர் என்ற பெயருக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். ஐரோப்பாவில் 180 வாட் கிரீன்லைட்டை வைத்துச் செய்த ஆய்விலும் அடைப்பு நீங்கியதில் சமம்தான், ஆனால் டியூப் சீக்கிரம் வெளியே வந்தது, வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள்.

முழுசாகப் பிரித்தெடுக்கும் ஹோலெப்பின் கதை கொஞ்சம் வேறு. ரத்தம் குறைவாகப் போகிறது, டியூப் பெரும்பாலும் ஒரு நாளில் எடுக்கப்படுகிறது, அதிகத் திசு வெளியே வருகிறது. இவை பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தவை. 100 கிராமுக்கு மேல், 150, 200 என்று போனால் முன்பு வயிற்றைக் கீறித்தான் எடுப்போம். ஹோலெப் அந்தக் கீறலைத் தேவையில்லாமல் செய்துவிட்டது, ஐந்து வருடம் கழித்துப் பார்த்தாலும் பலன் அதற்கு ஈடாக நிற்கிறது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 30 முதல் 80 மில்லி (ஒரு மில்லியை ஏறக்குறைய ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்) வரை டி.யு.ஆர்.பி.யைத் தயங்காமல் பரிந்துரைக்கிறது, 80க்கு மேல் பிரித்தெடுப்பதை முன்னால் வைக்கிறது. உங்கள் அப்பாவின் 72 எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கிறது. ஸ்கேன் கணக்கில் பத்துப் பதினைந்து கிராம் முன்பின் இருப்பது சகஜம் என்பதால் இரண்டு டாக்டர்களும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

எதில் இன்னும் தெளிவில்லை? ஹோல்மியமா தூலியமா என்ற போட்டியில் கம்பெனிகள் நிறையப் பேசுகின்றன. நோயாளிக்கு அதில் பெரிய வித்தியாசம் இருப்பதாக இதுவரை யாரும் நிறுவவில்லை. புதிய தூலியம் ஃபைபர் லேசர் ரத்தத்தை நன்றாக நிறுத்துகிறது, கருவியும் சிறியது, ஆனால் பத்து வருடம் கழித்து எப்படி என்று சொல்ல இன்னும் காலம் வேண்டும். ஹோலெப்பின் நீண்டகால ஒப்பீடுகளும் சிறியவை. டவுரங்காவில் செய்த ஆய்வு 61 பேரில் ஆரம்பித்தது. ஏழு வருடம் கழித்து 31 பேரைத்தான் பார்க்க முடிந்தது. அவர்களில் ஹோலெப் செய்தவர் யாருக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை, டி.யு.ஆர்.பி. பக்கம் மூன்று பேருக்குத் தேவைப்பட்டது. நல்ல சகுனம், ஆனால் 31 பேரை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

இங்கேயே பக்கத்து வீட்டுக்காரருக்கும் பதில் சொல்லிவிடலாம். திரும்ப வளருமா என்றால், வளரலாம். டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு மறு ஆபரேஷன் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத் தேவைப்படுகிறது. முழுசாகப் பிரித்தெடுத்தால் இது மிகவும் குறைவு, ஏனென்றால் வளர்வதற்கு அங்கே மிச்சம் இல்லை. ஆவியாக்கினால், குறிப்பாகப் பெரிய சுரப்பியில், மிச்சம் விட்டுப்போய்த் திரும்ப வருவதற்கு வாய்ப்பு கூடுதல். ரத்தமே வராது என்பது சரியில்லை. எந்த முறையிலும் சில நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும். பத்துப் பதினைந்து நாளில் உள்ளே இருக்கும் பொருக்கு உதிரும்போது திடீரென்று மறுபடியும் சிவக்கலாம். அதற்குப் பதறாமல் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக வந்து நீர் அடைத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும், ஒரு மாதம் பைக் ஓட்டாமல், குடம் தூக்காமல் இருப்பதும் இதற்காகத்தான். வலி அதிகம் இருக்காது என்பது உண்மை, எரிச்சல் இருக்கும், ஆவியாக்கும் முறையில் அது சில வாரம் நீடிக்கும்.

சிறுநீர் கசிவைப் பற்றி முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் வீட்டில் அனைவரும் உடைந்துபோகிறார்கள். பிரித்தெடுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இருமினால், எழுந்தால் கொஞ்சம் கசிவது முதல் வாரங்களில் பலருக்கு உண்டு. கெகல் பயிற்சியை (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது) ஆபரேஷனுக்கு முன்பிருந்தே பழகிக்கொண்டால் நல்லது. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். நிரந்தரமாகத் தங்குவது நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு. பின்னாளில் குழாயில் தழும்பு விழுந்து மறுபடியும் வழி குறுகுவதும் நூற்றில் சிலருக்கு, எந்த முறையிலும், நடக்கிறது.

அப்பா கேட்கத் தயங்கும் ஒன்று இருக்கும். தாம்பத்தியம். 68 வயதில் அது முடிந்துபோன விஷயம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், டாக்டர்களும் சில சமயம் அப்படியே தாண்டிவிடுகிறார்கள். விறைப்புத்தன்மையை இந்த ஆபரேஷன்கள் பொதுவாகக் கெடுப்பதில்லை. முன்பு எப்படி இருந்ததோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் உச்சத்தில் விந்து வெளியே வராது, பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். ஹோலெப்பில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இப்படி ஆகிறது, டி.யு.ஆர்.பி.யிலும் பாதிக்கு மேல். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் முன்னால் தெரியாதவர் ஏதோ கெட்டுவிட்டது என்று மனதுக்குள்ளேயே வைத்து வருந்துவார். இதை அம்மாவும் நீங்களும் இல்லாத நேரத்தில் டாக்டர் அவரிடம் தனியாகப் பேசட்டும். இதுவே அவருக்கு முக்கியம் என்றால் நீராவி செலுத்தும் ரெசூம், கிளிப் போட்டு விலக்கிக் கட்டும் யூரோலிஃப்ட் போன்றவை விந்தைக் காப்பாற்றும். ஆனால் பலன் குறைவு, திரும்பச் செய்யும் தேவை அதிகம், 72 கிராம் அவற்றின் மேல் எல்லைக்குப் பக்கம்.

ஸ்டென்ட்தான் உங்கள் அப்பாவின் விஷயத்தில் தராசை லேசர் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது. ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஹோலெப், துலெப், கிரீன்லைட் ஆகியவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரே ஒரு மாத்திரையில் இருக்கலாம். அது ஆஸ்பிரின் என்றால் பெரும்பாலும் நிறுத்தாமலே செய்துவிடலாம். க்ளோபிடோக்ரெல் என்றால் வழக்கமாக ஐந்து நாள் முன்னால் நிறுத்துவோம், ஆனால் இதய டாக்டர் எழுத்தில் சரி என்று சொன்ன பிறகுதான். ஆபரேஷன் தேதி நெருங்குகிறது என்று வீட்டிலேயே யாரும் நிறுத்திவிட வேண்டாம். ஸ்டென்ட் அடைத்தால் வரும் ஆபத்துக்கு முன்னால் புரோஸ்டேட் ரத்தக்கசிவு ஒன்றுமே இல்லை.

செலவைப் பற்றி. லேசர் மெஷினும் மார்செலேட்டரும் விலை அதிகம், அந்தப் பணத்தை நோயாளிகளிடமிருந்துதான் எடுக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பட்டியலில் பச்சை லேசர், ஹோல்மியம் லேசர் கொண்டு புரோஸ்டேட்டை ஆவியாக்குவதும் இருக்கிறது. பாலிசி அதை ஒரேயடியாக ஒதுக்கக்கூடாது என்று அப்போது சொன்னார்கள். ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். பாலிசியில் 'நவீன சிகிச்சை' என்ற பகுதியைப் படித்துவிட்டு, எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆபரேஷன் முடிந்து பில்லைப் பார்த்து அதிர்ச்சியாகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெஷினைவிட அதைப் பிடிக்கும் கை பெரிது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஹோலெப் கற்றுக்கொள்ள நாளாகும் ஆபரேஷன். 20 முதல் 50 வரை செய்த பிறகுதான் கை பழகும் என்பார்கள். இரண்டாவது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: செய்யப்போவது பிரித்தெடுப்பதா ஆவியாக்குவதா? மாதம் எத்தனை செய்கிறீர்கள்? நீங்களேதான் செய்வீர்களா? நடுவில் முடியாமல் போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். என் அபிப்பிராயம் வேண்டுமென்றால் இதுதான்: அவர் வாரா வாரம் ஹோலெப்போ துலெப்போ செய்கிறவர், பணமும் கையைக் கடிக்காது என்றால் அதைச் செய்துகொள்ளுங்கள். அவர் எப்போதாவது செய்கிறவர், இல்லை கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால், முதல் டாக்டரிடம் பைபோலார் டி.யு.ஆர்.பி. செய்துகொள்வதில் அப்பாவுக்கு ஒரு குறையும் வராது. வெறும் ஆவியாக்கும் லேசருக்காக இரண்டு மடங்கு கொடுக்க நான் சொல்ல மாட்டேன், அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாது என்று இதய டாக்டர் சொன்னால் தவிர.

எதைச் செய்தாலும் மூன்று மாதம் கழித்து ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் பெரும்பாலும் வரும் சுரப்பியின் வெளிப்பகுதி ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது, லேசர் அதைத் தொடுவதில்லை. ஹோலெப்புக்குப் பிறகு அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கிவிடுவதும் உண்டு. பின்னாளில் 3 என்று ஏறினால் லேப் நார்மல் என்றே அச்சடிக்கும், ஆனால் அவருக்கு அது நார்மல் இல்லை.

ஆபரேஷன் தேதி வரும் வரை ஒரு எச்சரிக்கை. சளி, தும்மலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் போன்றவை, ஏற்கெனவே 140 மில்லி தங்குகிறவருக்கு ஒரே ராத்திரியில் நீரை முழுசாக அடைத்துவிடலாம். அடிவயிறு கல் போல உப்பி, வலியோடு நீர் இறங்காமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய் டியூப் போட்டுக்கொள்ளுங்கள்; மற்றதை அடுத்த நாள் உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். கண்ணில் புரை ஆபரேஷன் செய்யும் யோசனையும் இருந்தால், டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை கண்பாவையைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் திரையைத் தொளதொளவென்று ஆக்கிவிடலாம். முன்னாலேயே தெரிந்தால் அவர் அதற்குத் தயாராக இருப்பார்.